தீர்ப்பு தொடாத பிழைகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவாக ஆற்றிய உரை. அச்சுக்காகச் சுருக்கிச் செம்மைப்படுத்தப்பட்டது.)



தென்கொரிய அதிபர் பார்க் குன்-ஹேயின் பதவிநீக்கத்தை இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். 2017 மார்ச் 10 அன்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவரைப் பதவியிலிருந்து அகற்றினார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஏப்ரல் 4 அன்று, அதே நீதிமன்றம் யூன் சோக்-யோல் என்ற இன்னோர் அதிபரை அகற்றியது. அப்போதும் எட்டு நீதிபதிகள். அப்போதும் ஒருமனதான தீர்ப்பு. இந்த யூன் யார் தெரியுமா? பார்க் மீதான புகார்களைத் துருவிய சிறப்பு விசாரணைக் குழுவில் புலனாய்வு அணிக்குத் தலைமை தாங்கிய அரசு வழக்குரைஞர்.

ஒருவரை வீழ்த்திய குற்றங்களைக் கோப்பு கோப்பாகப் படித்தவர், அதே நாற்காலியில் அமர்ந்து அதே நீதிமன்றத்தால் வெளியேற்றப்பட்டிருக்கிறார். இதைத் தனிமனிதக் குறை என்றோ தற்செயல் என்றோ கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இன்று நான் உங்கள் முன் வைக்கும் கருத்து இதுதான்: பதவிநீக்க விசாரணை ஒரு தலைவரின் சட்ட மீறலைத் தண்டிக்கிறது, அந்த மீறலுக்கு இடம் கொடுத்த அரசியல் பிழைகள் நீதிமன்றத்தின் கைக்கு எட்டுவதில்லை. அவற்றைத் திருத்த வேண்டியவர்கள், தீர்ப்பு வந்ததோடு தங்கள் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். அதற்கான விலையைத்தான் கொரியர்கள் இரண்டாம் முறை கொடுத்தார்கள்.

நடந்ததை மிகச் சுருக்கமாக நினைவூட்டிவிடுகிறேன். 2012 டிசம்பர் தேர்தலில் 51.6 விழுக்காடு வாக்குகளோடு பார்க் வென்றார். முன்னாள் சர்வாதிகாரி பார்க் சுங்-ஹீயின் மகள். கொரியாவின் முதல் பெண் அதிபர். 2016 அக்டோபர் 24 அன்று, ஜேடிபிசி தொலைக்காட்சி ஒரு டேப்லெட் கணினியிலிருந்த கோப்புகளை வெளியிட்டது. எந்த அரசுப் பதவியிலும் இல்லாத அவருடைய நெடுநாள் தோழி சோய் சூன்-சிலுக்கு அதிபரின் உரைகள், அவர் பேசுவதற்கு முன்பே, திருத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தன என்பது அம்பலமானது. மக்கள் சனிக்கிழமைதோறும் மெழுகுவத்தியோடு தெருவுக்கு வந்தார்கள். நவம்பரில் அவருக்கான ஆதரவு காலப் நிறுவனக் கணிப்பில் 4 விழுக்காட்டுக்கு இறங்கியது. டிசம்பர் 9 அன்று 300 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 234 பேர் பதவிநீக்கத் தீர்மானத்துக்கு வாக்களித்தார்கள். தேவைப்பட்டது 200.

இது வெளியே தெரிந்த கதை. இதற்கு முன்னால் வரிசையாக நேர்ந்த தோல்விகளுக்கு வருகிறேன்.

1. எவரும் நெருங்க முடியாத மாளிகை

சோல் நகரின் நீல மாளிகையில் அதிபரின் அலுவலகம் ஒரு கட்டடத்தில் இருந்தது; செயலாளர்களின் அலுவலகங்கள் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தள்ளி வேறு கட்டடத்தில். அந்தத் தூரம் பெரிதில்லை. நடந்து போனாலும் அதிபரைப் பார்க்க முடியாது என்பதுதான் பெரிது. அரசியல் விவகாரங்களுக்கான முதுநிலைச் செயலாளராகப் பதினொரு மாதம் பணியாற்றிய சோ யூன்-சுன், அந்தக் காலம் முழுவதும் ஒருமுறைகூட அதிபரைத் தனியே சந்தித்ததில்லை என்று 2016இல் நாடாளுமன்றத்தில் கேட்டபோது ஒப்புக்கொண்டார். அரசியல் ஆலோசனை சொல்வதற்கென்றே நியமிக்கப்பட்டவர் அவர். ஆலோசனைகள் காகிதமாக மாறி, மூன்று உதவியாளர்களின் கை வழியாக உள்ளே போயின. கொரிய இதழ்கள் அவர்களைக் 'கதவுப்பிடி மூவர்' என்று எழுதின.

பார்க் மீது எனக்குப் பரிவு உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. 1974இல் தந்தையைக் குறிவைத்த கொலை முயற்சியில் தாய் இறந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்துத் தந்தையை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். தந்தையின் நிழலில் வாழ்ந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனதைப் பார்த்த பெண், நம்பிய சிலரைத் தவிர எவரையும் அண்டவிடாமல் வாழப் பழகினார். சோய் சூன்-சிலின் தந்தை சோய் தே-மின் காலத்திலிருந்தே அந்தக் குடும்பம் அவருக்கு நெருக்கம். ஒரு மனிதரின் காயமாக இதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஐந்து கோடி மக்களின் ஆட்சிமுறை ஒருவருடைய காயத்துக்கு ஏற்ப வளைந்து கொடுத்தது. அமைச்சர்களும் செயலாளர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர்கூட, அதிபரைப் பார்க்க முடியவில்லை என்பதையே காரணமாகச் சொல்லிப் பதவி விலகவில்லை.

2014 ஏப்ரல் 16 அன்று இதன் விலை தெரிந்தது. செவோல் என்ற பயணிகள் கப்பல் தென்மேற்குக் கடலில் கவிழ்ந்தது. கப்பலில் இருந்தவர்கள் 476 பேர். மாண்டவர்கள் 304 பேர். அவர்களில் 250 பேர் அன்சான் நகரின் டன்வோன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து சுற்றுலாவுக்குக் கிளம்பிய மாணவர்கள். இருந்த இடத்திலேயே இருங்கள் என்ற அறிவிப்பைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் அறைகளில் காத்திருந்தார்கள். காலை பத்தரை மணி அளவில் கப்பல் முற்றாகக் கவிழ்ந்துவிட்டது. அதிபர் அன்று அலுவலகக் கட்டடத்துக்கே வரவில்லை. மாளிகை வளாகத்தில் உள்ள தம் இல்லத்தில் இருந்தார். பேரிடர் மையத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது மாலை ஐந்து மணி தாண்டியிருந்தது. உயிர்காப்பு உடை அணிந்திருக்கும் மாணவர்களைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமா என்று அங்கே கேட்டார். அவர்கள் கவிழ்ந்த கப்பலுக்குள் சிக்கியிருக்கிறார்கள் என்பது அதுவரை அவர் மனத்தில் பதியவே இல்லை. தகவல் கேட்டுப் பழகாத ஒரு மாளிகையின் நிலையை அந்த ஒரு கேள்வி காட்டிவிடுகிறது.

நீதிமன்றம் இதை என்ன செய்தது? அதிபர் தம் கடமையை எவ்வளவு சிரத்தையோடு செய்தார் என்பது தாங்கள் தீர்ப்பளிக்கக்கூடிய பொருள் அன்று என்று சொல்லி ஒதுக்கியது. இரண்டு நீதிபதிகள் மட்டும் துணைக் கருத்து எழுதினார்கள்: அவர் கடமையில் தவறினார்; அது மட்டுமே பதவியைப் பறிக்கப் போதாது என்றாலும் தவறு தவறுதான் என்று பதிவு செய்தார்கள். சட்டப்படி நீதிமன்றத்தின் நிலைப்பாடு சரி என்றே நானும் கருதுகிறேன். திறமையின்மைக்காக நீதிபதிகள் ஒரு மக்கள் தலைவரை அகற்றத் தொடங்கினால் தேர்தலுக்குப் பொருள் இல்லாமல் போகும். அப்படியானால் 304 உயிர்களுக்கு அரசியல்ரீதியாகப் பதில் சொல்ல வேண்டிய இடம் வேறு எங்கோ இருந்திருக்க வேண்டும். அந்த இடம் இல்லை.

எச்சரிக்கை வராமலும் இல்லை. 2014 நவம்பரில் செக்யே இல்போ நாளேடு ஓர் ஆவணத்தை வெளியிட்டது. நீல மாளிகைக்குள்ளேயே தயாரான அந்த ஆவணம், சோய் சூன்-சிலின் முன்னாள் கணவர் அரசு விவகாரங்களில் தலையிடுவதாகக் கூறியது. பார்க் அதைத் தெருவில் உலவும் வதந்தித் தாள் என்று புறந்தள்ளினார். ஆவணம் சொன்னது மெய்யா என்பதை விட்டுவிட்டு, யார் கசியவிட்டது என்பதையே பெருங்குற்றமாகப் பேசினார். விசாரணையும் அந்தத் திசையில் போனது. விசாரிக்கப்பட்ட காவல்துறை அதிகாரி ஒருவர், அதிகார வரிசையில் முதலிடம் சோய் சூன்-சிலுக்குத்தான் என்று சொன்னதாகச் செய்தி வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நாடே அதிர்ந்த செய்தி அன்றே கையில் இருந்தது.

2. தலைவரைத் திருத்தும் துணிவை இழந்த கட்சி

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தத் தோல்வி. சோய் குடும்பத்தின் செல்வாக்கு கட்சிக்கு 2016இல் தெரியவந்த செய்தி இல்லை. 2007இல் அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சிப் போட்டியின்போதே, வேட்பாளர்களைச் சோதிக்கும் விசாரணையில் சோய் தே-மின் பற்றிப் பார்க்கிடம் நேரில் கேள்வி கேட்டார்கள். அந்தப் போட்டியில் அவர் லீ மியுங்-பாக்கிடம் தோற்றார். ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே கட்சி அவரை வேட்பாளர் ஆக்கியது. கேட்ட கேள்விக்கு விடை தேட எவரும் மெனக்கெடவில்லை. தந்தையின் பெயர் கொண்டுவரும் வாக்கு அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

ஆட்சிக்கு வந்த பின் என்ன ஆயிற்று? ஆளுங்கட்சியான சேனூரியின் நாடாளுமன்றத் தலைவர் யூ சோங்-மின், வரியைக் கூட்டாமல் நலத்திட்டம் என்பது நடவாத கதை என்று 2015 ஏப்ரலில் அவையிலேயே பேசினார். பொறுப்புள்ள பேச்சு. அவரும் எதிர்க்கட்சியும் உடன்பட்டு நிறைவேற்றிய சட்டத் திருத்தத்தை ஜூன் 25 அன்று பார்க் நிராகரித்தார். அமைச்சரவைக் கூட்டத்திலேயே, துரோக அரசியல் செய்பவர்களை மக்கள் தேர்தலில் தண்டிக்க வேண்டும் என்று பேசினார். இரண்டு வாரத்துக்குள், சொந்தக் கட்சி உறுப்பினர்களே கூடி யூவைப் பதவி விலக வைத்தார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் கட்சி அவருக்கு இடம் தரவில்லை. சுயேச்சையாக நின்று வென்றார். பெரும்பான்மை உறுதி என்று கணிப்புகள் சொன்ன அந்த 2016 ஏப்ரல் தேர்தலில் சேனூரி 122 இடங்களில் நின்றுபோனது. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்கு 123.

அந்தத் தோல்விக்குப் பிறகாவது கட்சி விழித்திருக்கலாம். அடுத்த ஆறு மாதமும் அவருக்கு நெருக்கமானவர்கள், நெருக்கமற்றவர்கள் என்ற உட்பூசலில் போனது. டிசம்பர் 9 அன்று சேனூரி உறுப்பினர்களில் குறைந்தது 62 பேர் தங்கள் அதிபருக்கு எதிராக வாக்களித்தார்கள். அந்த 62 பேரில் பாதிப் பேர் 2015இல் யூ சோங்-மின்னின் பக்கம் நின்றிருந்தால், பதவிநீக்கமே தேவைப்படாமல் போயிருக்கும் என்பது என் துணிபு.

3. பணம் போன பழைய பாதை

மீர், கே-ஸ்போர்ட்ஸ் என்று இரண்டு அறநிறுவனங்கள் தொடங்கப்பட்டன. பண்பாட்டையும் விளையாட்டையும் வளர்ப்பது நோக்கம் என்றார்கள். பெருநிறுவனங்களின் கூட்டமைப்பு வழியாக ஏறத்தாழ 7,740 கோடி வோன் வந்து சேர்ந்தது. அந்த நிறுவனங்களைப் பின்னாலிருந்து நடத்தியவர் சோய். நீதிமன்றம் பதவிநீக்கத்துக்கு எடுத்துக்கொண்ட முதன்மையான மீறல் இதைச் சுற்றியதுதான்: அதிபர் தம் அதிகாரத்தைத் தோழியின் தனிநலனுக்குப் பயன்படுத்தினார், நிறுவனங்களின் சொத்துரிமையிலும் தொழில் நடத்தும் உரிமையிலும் தலையிட்டார் என்பது.

2016 டிசம்பர் 6 அன்று சாம்சங், ஹியுண்டாய் உள்ளிட்ட ஒன்பது குழுமங்களின் தலைவர்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் வரிசையாக அமர்ந்து, அரசு கேட்டால் மறுப்பது கடினம் என்று சாட்சி சொன்னார்கள். இதே காட்சி 1988இலும் நடந்திருக்கிறது. சர்வாதிகாரி சுன் டூ-ஹ்வானின் இல்ஹே அறநிறுவனத்துக்கு ஏன் பணம் கொடுத்தீர்கள் என்று அன்று விசாரிக்கப்பட்டவர்களில் ஹியுண்டாயை நிறுவிய சுங் ஜு-யுங் ஒருவர். 2016இல் அந்த வரிசையில் இருந்தவர் அவருடைய மகன் சுங் மோங்-கூ. தந்தையும் மகனும் 28 ஆண்டு இடைவெளியில் ஒரே வகையான கேள்விக்கு ஒரே வகையான பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். இடையில் ஐந்து அதிபர்கள் மக்கள் வாக்கில் வந்தார்கள். அரசுக்கும் குழுமங்களுக்கும் இடையிலான கொடுக்கல்வாங்கலை எந்த ஆட்சியும் அடைக்கவில்லை.

4. பின்தொடர்ந்த எதிர்க்கட்சி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2016இல் எதிர்க்கட்சிகள் மக்களுக்கு முன்னால் நடக்கவில்லை, பின்னால் நடந்தன. முதலில் கட்சி சாராத அமைச்சரவை கேட்டார்கள். அதிபர் ஒதுங்கியிருந்தால் போதும் என்றார்கள். நவம்பர் நடுவில் ஜனநாயகக் கட்சித் தலைவர் சூ மி-ஏ அதிபரைத் தனியே சந்திக்க ஏற்பாடு செய்து, எதிர்ப்பு கிளம்பியதும் அதே நாளில் அதைக் கைவிட்டார். அவர்களுடைய தயக்கத்துக்குக் காரணம் 2004. அந்த ஆண்டு மார்ச்சில் அன்றைய எதிர்க்கட்சிகள், தேர்தலில் ஒரு கட்சிக்கு ஆதரவாகப் பேசினார் என்பதற்காக அதிபர் ரோ மூ-ஹியூனை 193க்கு 2 என்ற வாக்கில் பதவிநீக்கத்துக்கு அனுப்பின. ஒரு மாதத்தில் நடந்த தேர்தலில் ரோவின் ஆதரவுக் கட்சி 299இல் 152 இடங்களைப் பிடித்தது. மே மாதம் நீதிமன்றமும் தீர்மானத்தை நிராகரித்தது. சிறிய குற்றத்துக்குப் பெரிய ஆயுதத்தை எடுத்துச் சூடுபட்டதால், பெரிய குற்றம் வந்தபோது கை நடுங்கியது. 2016 டிசம்பர் 3 அன்று, அமைப்பாளர்களின் கணக்குப்படி 23 லட்சம் பேர் நாடெங்கும் திரண்ட பிறகுதான் அந்த நடுக்கம் நின்றது.

5. அரசியல் வழியில் வெளியேற வாசல் இல்லாத அரசமைப்பு

1987ஆம் ஆண்டின் மக்கள் எழுச்சியில் பிறந்தது தென்கொரியாவின் இன்றைய அரசமைப்பு. அதிபருக்கு ஐந்தாண்டு, ஒரே முறை. சர்வாதிகாரி மீண்டும் மீண்டும் வரக் கூடாது என்ற நியாயமான அச்சத்தில் எழுதியது. ஆனால் மறுதேர்தல் இல்லாத அதிபரை வாக்காளர் தண்டிக்க முடியாது. நம்பிக்கை இழந்த அதிபரை நாடாளுமன்றம் மாற்றவும் முடியாது. 1999 ஏப்ரலில் நம் மக்களவையில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் வீழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். எவரும் குற்றவாளி என்று நிறுவப்படவில்லை. எவரும் சிறைக்குப் போகவில்லை. சில மாதங்களில் தேர்தல் நடந்து அவரே மீண்டும் பிரதமரானார். கொரியாவில் அந்த வழி கிடையாது. அங்கே அதிபரை அனுப்ப வேண்டுமானால் அவர் சட்டத்தைக் கடுமையாக மீறினார் என்று மெய்ப்பித்தாக வேண்டும். ஆகவே அரசியல் பகை ஒவ்வொன்றும் குற்ற வழக்காக உருமாறுகிறது; அரசு வழக்குரைஞர்கள் அரசியலின் மையத்துக்கு வருகிறார்கள். யூன் அதிபரானது அந்த வழியில்தான்.

பார்க் வழக்கில் நீதிபதி ஆன் சாங்-ஹோ தனியே ஒரு துணைக் கருத்து எழுதினார். அதிபர் கையில் குவிந்துகிடக்கும் அதிகாரமே இந்தக் கேட்டுக்கு வேர். அதிகார அமைப்பைச் சீர்திருத்த வேண்டும் என்பது அதன் சாரம். தீர்ப்புக்குப் பின் வந்த அதிபர் மூன் ஜே-இன், நான்காண்டு வீதம் இருமுறை பதவி வகிக்கலாம் என்ற விதியோடு 2018 மார்ச்சில் ஓர் அரசமைப்புத் திருத்தத்தை முன்வைத்தார். மே 24 அன்று வாக்கெடுப்பு. வாக்களிக்க வந்தவர்கள் 114 பேர் மட்டுமே. தேவையான எண்ணிக்கை இல்லாமல் அது செத்துப்போனது. எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன என்பது உண்மை. அவர்களோடு பேசி உடன்பாடு காணாமல் அதிபரே வரைவை அனுப்பினார் என்பதும் உண்மை. மெழுகுவத்தி ஏந்திய லட்சக்கணக்கானோர் கேட்டது ஒரு பெண்ணின் சிறைவாசத்தை மட்டும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது அது மட்டுமே. அதுவும் 2021 டிசம்பரில் மன்னிப்பில் முடிந்தது.

நண்பர்களே, பிறகு நடந்ததை இந்த ஐந்து புள்ளிகளோடு வைத்துப் பாருங்கள். 2022இல் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாட்டில் யூன் வென்றார். அக்டோபர் 29 அன்று இதேவோன் நெரிசலில் 159 பேர் இறந்தார்கள். காவல்துறைக்குப் பொறுப்பான உள்துறை அமைச்சர் பதவியில் நீடித்தார். மனைவியைப் பற்றிய புகார்களை விசாரிக்கும் மசோதாக்களை யூன் மீண்டும் மீண்டும் நிராகரித்தார். மொத்தத்தில் அவர் நிராகரித்தவை 25. 2024 ஏப்ரலில் 192 இடங்களை வென்ற எதிர்த்தரப்பு, அமைச்சர்கள்மீதும் வழக்குரைஞர்கள்மீதும் பதவிநீக்கத் தீர்மானங்களைக் குவித்தது. டிசம்பர் 3 இரவு யூன் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்ற வாசலில் படைவீரர்கள் நின்ற அந்த இரவில், உறுப்பினர்கள் சுவரேறிக் குதித்து உள்ளே போய் 190 வாக்குகளால் அதை நீக்கினார்கள்.

டிசம்பர் 7 அன்று முதல் பதவிநீக்கத் தீர்மானம் வந்தபோது, சேனூரியின் வழிவந்த ஆளுங்கட்சியினர் அவையைவிட்டு வெளியேறினார்கள். 195 பேரே வாக்களித்ததால் தீர்மானம் விழுந்தது. ஒரு வாரம் கழித்து 204 வாக்குகளில் நிறைவேறியது. ஆளுங்கட்சியிலிருந்து வந்தவர்கள் இம்முறை ஏறத்தாழ பன்னிரண்டு பேர். 2016இல் 62, 2024இல் 12. செய்த குற்றமோ முன்னதைவிடப் பன்மடங்கு கொடியது. பார்க் வீழ்ச்சியிலிருந்து அந்தக் கட்சி கற்றது இதுதான்: தலைவரை எதிர்த்தவனுக்குக் கட்சியில் எதிர்காலம் இல்லை.

பெயர்களையும் பாருங்கள். 2004இல் ரோவுக்கு எதிராக நாடாளுமன்றத்தின் சார்பில் வழக்கை நடத்திய கிம் கி-சுன், பார்க்கின் தலைமைச் செயலாளராகி, அரசை விமர்சித்த கலைஞர்களைக் கருப்புப் பட்டியலில் சேர்த்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்றார். 2016இல் பார்க்குக்கு எதிரான வழக்கை நடத்திய க்வோன் சோங்-டோங், 2024இல் யூன் கட்சியின் நாடாளுமன்றத் தலைவராகி, பதவிநீக்கத்தை எதிர்ப்பதே கட்சியின் நிலைப்பாடு என்றார். ஆன் சாங்-ஹோ, யூனால் தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவராக நியமிக்கப்பட்டார். 2025 பிப்ரவரியில் அந்த ஆணையம், யூனின் தற்காப்பு உரிமை காக்கப்பட வேண்டும் என்ற பரிந்துரையை ஏற்றது. மனிதர்கள் மாறிவிட்டார்கள் என்று இவர்களைப் பழிக்க நான் வரவில்லை. இவர்களை மாறச் செய்த அமைப்பு மாறாமல் இருந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

2025 ஏப்ரல் தீர்ப்பில் நீதிமன்றம் இதைத் தொட்டுக் காட்டியிருக்கிறது. நாடாளுமன்றம் சிறுபான்மையின் கருத்தை மதித்து, பொறுமையும் கட்டுப்பாடும் கொண்டு பேச்சில் தீர்வு தேடியிருக்க வேண்டும்; அதிபர் நாடாளுமன்றத்தை இணைந்து ஆளும் துணையாக ஏற்றிருக்க வேண்டும் என்று இருதரப்புக்கும் அது சொன்னது. தண்டனையாக அல்ல, அறிவுரையாக. அதற்கு மேல் ஒரு நீதிமன்றத்தால் எதுவும் செய்ய இயலாது. அந்தத் தீர்ப்பு படிக்கப்பட்ட நாளிலும் 1987ஆம் ஆண்டு அரசமைப்பு ஒரு வரிகூடத் திருத்தப்படாமல் இருந்தது.

இங்கே அமர்ந்திருக்கும் அரசியலறிவியல், சட்ட மாணவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மூன்று தீர்ப்புகளையும், 2004, 2017, 2025 என்று வரிசையாக வைத்து, முழுமையாகப் படியுங்கள். பதவி பறிபோனதா இல்லையா என்ற கடைசி வரிக்கு முன்னால், எங்கள் அதிகாரத்துக்கு இது உட்பட்டதில்லை என்று நீதிபதிகள் ஒதுக்கிவைத்த பக்கங்களும், சிலர் தனியே எழுதிய துணைக் கருத்துகளும் இருக்கின்றன. உங்கள் ஆய்வை அந்தப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.